போட்டிக்குப் போகும் படம் எங்கே சறுக்குகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

புகைப்படக் கழகப் போட்டியில் விழுந்துபோகும் படங்களில் பல, எடுத்த இடத்தில் கெட்டவை அல்ல. காலிமுகத்திடலிலோ புறக்கோட்டையிலோ நன்றாகத்தான் எடுபட்டிருக்கும். வீட்டுக்கு வந்து தெரிவு செய்து, வெட்டி, சுருக்கி, அனுப்புகிற வழியில்தான் கெடும். அதிலும், பிழை கண்ணில் படுகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறொன்று. பிரிண்ட் கறுத்து வந்தால் ஸ்டூடியோக்காரரைத் திட்டுகிறோம். காரணம் நம் மடிக்கணினித் திரையில் இருக்கிறது. அதனால் அறிகுறியைத் தலைப்பாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போகிறேன். உங்களுக்குரிய தலைப்பை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் எதைத் தொடுவதற்கும் முன் உங்கள் கழகத்தின் விதிகளை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். நான் தரும் அளவுகளோடு அவை முரண்பட்டால் விதிகள் சொல்வதே சரி.

"இருநூறு படம் இருக்கு, நாலைத் தெரிய முடியேல்லை"

இது பெரும்பாலும் படங்களின் குறை அல்ல, நினைவு செய்கிற வேலை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் நாளில் வெயிலில் நின்று, கூட்டத்தில் நெரிபட்டு எடுத்த படம் உங்களுக்குப் பெரிது. நடுவருக்கு அந்த வெயிலும் தெரியாது, நெரிசலும் தெரியாது. அவர் முன் சில வினாடிகள் ஒரு செவ்வகம் நிற்கும், அவ்வளவுதான்.

முதல் சுற்றில் நல்லதைத் தேடாதீர்கள், கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கண்ணில் கூர்மை விழாத முகம், கை ஆடிய படம், விவரமே இல்லாமல் வெளுத்துப்போன வானம் எல்லாவற்றையும் விறுவிறு என்று தள்ளுங்கள். எஞ்சியதை அன்றே தொடாமல் ஒரு கிழமையாவது கிடப்பில் போடுங்கள். எடுத்த நாளின் சூடு ஆறினால்தான் படம் படமாகத் தெரியும்.

இரண்டாம் சுற்றில் படங்களை முத்திரை அளவுக்குச் சுருக்கி ஒரே திரையில் பரப்புங்கள். அந்தச் சிறு அளவிலும் கண்ணை இழுப்பவை சில இருக்கும். அவற்றை இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள். பழகிய படம் சட்டென்று புதிதாகிவிடும். ஒரு பக்கம் பாரமாக இருந்தால் அப்போது பிடிபடும். பார்ப்பதற்கு மட்டும்தான் இந்தப் புரட்டல். புரட்டியபடியே அனுப்பினால் பின்னால் இருக்கும் நகைக்கடைப் பெயர்ப்பலகை காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஓரங்கள். ஒரு காவடிப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஆடுபவரின் முகம், தோளுக்கு மேல் வளைந்த மயிற்பீலி, எல்லாம் அமைந்திருக்கிறது. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு முழங்கை, அந்தக் கையில் ஒளிரும் கைத்தொலைபேசி. கண் முகத்துக்குப் போகாமல் அந்த வெளிச்சத்துக்குத்தான் போகும். திரையில் படத்தின் நாலு ஓரத்திலும் விரலை ஒருமுறை மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். விரல் போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். இடைஞ்சலை வெட்டி எடுக்கலாம் என்றால் வெட்டுங்கள். வெட்டினால் பீலியும் போய்விடும் என்றால் அதே தொடரிலுள்ள அடுத்த படத்துக்குப் போங்கள். தலைகளின் பின்னால் என்ன நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். தாமரைக் கோபுரம் வந்ததிலிருந்து கொழும்பில் யாராவது ஒருவரின் உச்சந்தலையில் அது முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

பிறகு யாரிடமாவது காட்டுங்கள். அம்மாவிடம் வேண்டாம், அவருக்கு எல்லாமே வடிவு. அந்த இடத்தில் உங்களோடு இல்லாத ஒருவரைப் பிடியுங்கள். "எப்பிடி இருக்கு?" என்று கேட்காமல் "இதில என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் காட்ட நினைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றானால் படம் தேறும். நீங்கள் கதை சொல்லி விளக்கத் தொடங்கினால் தேறாது.

ஒரே காட்சியின் இரண்டு கோணங்களைச் சேர்த்து அனுப்ப மனம் வரும். அனுப்பாதீர்கள். இரண்டில் எது சிறந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை என்பதைத்தான் நடுவருக்கு அது சொல்லும்.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கேயோ பார்த்த மாதிரி" என்கிறார் நடுவர்

கொக்கலப் பக்கத்துக் கழி மீனவர், கங்காராமவில் குடை பிடித்த பிக்கு, காலிமுகத்திடலில் சூரியனுக்கு எதிரே பட்டம் விடும் பிள்ளை. இந்த மூன்றும் வராத இலங்கைப் போட்டி இருக்குமோ தெரியாது. இவற்றை எடுக்கக் கூடாது என்பதில்லை. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நின்று அதே திசையில் எடுத்ததை அனுப்பாமல் விட்டால் சரி. அன்றைய கோப்புறையை மறுபடி திறந்து, பட்டம் விற்பவர் இருட்டுப்பட்ட பிறகு நூலைச் சுற்றும் கை, இறால் வடைத் தட்டின் மேல் விழும் பல்ப் வெளிச்சம் என்று, அந்தப் பிரதான காட்சிக்குப் பக்கத்தில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். மாட்டியிருந்தால் அதுவே உங்கள் படம்.

முகங்களில் கண் இருக்கும் இடம் கறுப்புப் பள்ளமாகத் தெரிகிறது

கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் மத்தியான வெளிச்சம் மேலிருந்து கொட்டுவதுதான். புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும்.

மென்பொருளில் நிழலைத் தூக்கலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். அளவு மீறினால் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்து, இரைச்சல் புள்ளிகள் எழும். முகத்தை மட்டும் தெரிவு செய்து கொஞ்சம் தூக்கி, நெற்றியின் பளபளப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லையா? புறக்கோட்டைக் கடைகளின் தகரச் சாய்ப்புக்கோ தார்ப்பாய்க்கோ கீழே எடுத்த படம் அதே நாளில் இருக்கும். அங்கே வெளிச்சம் தெருவில் பட்டு எதிரொளித்துக் கீழிருந்து மேலே வரும், கண் திறக்கும். அதை அனுப்புங்கள்.

திரையில் பளிச்சென்று இருந்தது பிரிண்ட்டில் இருண்டு போகிறது

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இதுதான். மடிக்கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால், திரையே விளக்காக நின்று படத்தை வெளிச்சமாகக் காட்டும். அதைப் பார்த்து நீங்கள் படத்தை இருட்டாக்குவீர்கள், அல்லது இருட்டாக இருப்பதைத் திருத்தாமல் விடுவீர்கள். கடதாசிக்கு அந்த விளக்கு கிடையாது. பிரிண்ட்டுக்காகத் திருத்தும்போது திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கண்டெலா வரை இருப்பது வழக்கம். முழு வெளிச்சத்தில் வைத்த மடிக்கணினி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஒளிரும்.

அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளைக் கடதாசி போதும். இரவில், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அறை விளக்கில், திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டுக் கடதாசியைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரை கடதாசியை விட மிகவும் ஒளிர்ந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும் வரை ஒளிர்வை இறக்குங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாமே மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். நைட் மோட் போன்ற மஞ்சளாக்கும் வசதிகளை நிறுத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

திரையைச் சரி செய்த பிறகும் நேரே பெரிய பிரிண்டுக்குப் போக வேண்டாம். ஒரு 8×12 அங்குலத் தாளில் படத்தின் முக்கியமான ஒரு பகுதியை நாலு முறை அடுக்குங்கள்: ஒன்று உள்ளபடி, மற்றவை மூன்றில் ஒரு ஸ்டொப், மூன்றில் இரண்டு, ஒரு முழு ஸ்டொப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அளவு) என்று கூட்டியவை. ஒவ்வொன்றின் கீழும் எது எது என்று எழுதிவிடுங்கள். பெரிய பிரிண்ட் போடப்போகும் அதே ஸ்டூடியோவில், அதே கடதாசியில் அடித்து வாங்கி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். எது சரியோ அந்த அளவைத் தொகுதியிலுள்ள எல்லாப் படத்துக்கும் கூட்டுங்கள். ஒரு தாள் காசில் முழுத் தொகுதியும் தப்பும்.

ஸ்டூடியோவில் கொடுக்கும்போது "கலர் கரெக்ஷன் ஒண்டும் போடாதேங்கோ அண்ணை, உள்ளபடி அடியுங்கோ" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கலியாண, பிறந்தநாள் படங்களுக்காகப் பல இடங்களில் இயந்திரம் தானாகவே திருத்தும்படி விடப்பட்டிருக்கும். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக வைத்த பின்னணியை அது நல்ல மனத்தோடு வெளுக்க வைத்துவிடும். கடதாசியையும் கேட்டு வாங்குங்கள். மினுக்கமில்லாத மட் கடதாசியில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது. இரவுக் காட்சிகளுக்கு இலேசாக மினுங்கும் லஸ்டர் பொருந்தும். பளபளக்கும் கிளொஸி மண்டப விளக்கை நடுவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

புரொஜெக்டரில் நிறம் செத்துப் போகிறது

உங்கள் கணினியில் சேலையின் குங்குமச் சிவப்பு, மண்டபத் திரையில் செங்கல் பொடி. புரொஜெக்டரைச் சந்தேகிக்க முன் கோப்பின் நிற வெளியை, அதாவது அதன் எண்கள் எந்தெந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற வரையறையைப் பாருங்கள். கமராவிலோ மென்பொருளிலோ அடோபி ஆர்ஜிபி, புரோபோட்டோ ஆர்ஜிபி என்று விரிந்த ஒன்றைத் தெரிவு செய்து அப்படியே ஏற்றுமதி செய்திருந்தால், நிற மேலாண்மை இல்லாத மென்பொருள் அந்த எண்களைப் பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து வாசிக்கும். நிறம் வெளிறும்.

ஏற்றுமதியின்போது எஸ்ஆர்ஜிபியைத் தெரிவு செய்து, அந்த நிற வெளியைச் சொல்லும் புரொபைலைக் கோப்போடு சேர்த்து அனுப்பினால் பிரச்சினை தீரும். போட்டோஷொப்பில் புரொபைலை ‘கன்வேர்ட்’ செய்ய வேண்டும், ‘அசைன்’ செய்யக் கூடாது. முன்னது நிறத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். பின்னது எண்களை விட்டுவிட்டு நிறத்தை மாற்றும். ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற வெளியில் சேமிக்கப்படுவதால் அவற்றுக்கும் இந்த மாற்றம் தேவை.

"அளவு சரியில்லை" என்று கோப்பு திரும்பி வருகிறது

டிஜிட்டல் பிரிவில் 1920×1080 பிக்சல் என்று கேட்பது சாதாரணம். நிலைக்குத்துப் படங்கள்தான் இங்கே மாட்டும். 1080 என்பது உயரத்தின் உச்ச வரம்பு. நிமிர்ந்து நிற்கும் 2:3 படம் 720×1080 ஆகத்தான் போக முடியும். அதை 1080×1920 ஆக்கி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், அல்லது சுருக்கிக் காட்டுவார்கள்.

300 டிபிஐ இல்லை என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. திரைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, பிக்சல்தான் கணக்கு. பிரிண்ட்டுக்கு மட்டும் பெருக்கிப் பாருங்கள்: 12×18 அங்குலத்துக்கு, அங்குலம் ஒன்றுக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3600×5400 பிக்சல் வேண்டும். கை நீட்டும் தூரத்தில் பார்ப்பதற்கு 200 என்ற கணக்கில் 2400×3600 இருந்தாலும் போதும்.

கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவதை விட்டுவிடுங்கள். அது படத்தைச் சுருக்கி, கமரா விவரங்களையும் உரித்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் டொக்கியூமென்டாக இணையுங்கள். கோப்பின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். தமிழ்த் தலைப்பை விண்ணப்பத்தில் எழுதலாம். சில பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறி வரிசையாக்கிவிடும், பிறகு எந்தக் கோப்பு யாருடையது என்று தேட வேண்டும்.

கோடுகள் நசிகின்றன, சிவப்பு ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன

இதைச் சோதிக்கக் கொழும்பில் ஒரு கட்டடம் போதும்: புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்ஃபர், எல்லாரும் சொல்லும் சிவப்புப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிந்தது. சிவப்பும் வெள்ளையுமாய் வரி வரியாக எழும்பும் அந்தச் சுவரைச் சுருக்கும்போது இரண்டு விதமான கோளாறு வரும்.

ஒன்று, வரிகளுக்கு மேல் இல்லாத அலைகள் தோன்றும். பெரிய கோப்பை ஒரேயடியாகச் சுருக்கும்போது நுண்ணிய வரிகள் பிக்சல்களுக்குள் அடங்காமல் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. பைக்கியூபிக் (அயல் பிக்சல்களைக் கலந்து கணக்கிடும்) முறையில் சுருக்குங்கள். அப்போதும் அலை போகாவிட்டால், சுருக்குவதற்கு முன் அந்தச் சுவரை மட்டும் இலேசாக மங்கலாக்குங்கள்.

மற்றது, வெள்ளையைத் தொடும் சிவப்பின் விளிம்பு பிசுபிசுத்துப் போவது. ஜேபெக், தரத்தைக் குறைக்கும்போது வெளிச்ச விவரத்தை ஓரளவு காத்து, நிற விவரத்தைப் பெரிதும் குறைத்துச் சேமிக்கும். சிவப்பில்தான் அது முதலில் அம்பிடும். கோப்பின் பாரம் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்று தரத்தை 50, 60க்கு இறக்காதீர்கள். பிக்சலைக் குறைத்த 1920 அகலப் படம் 85, 90 தரத்திலும் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒருமுறை சேமித்த ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிப்பதும் இதே காயத்தைக் கூட்டும். ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள்.

அந்தத் தெரு ஒடுக்கம். கமராவை அண்ணாந்து பிடித்தே ஆக வேண்டும். மினாராக்கள் உள்நோக்கிச் சாயும். மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்ட படத்தைத் தெரிவு செய்யுங்கள்.

கோபுரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு

ஷார்ப்பனிங்கும் கிளாரிட்டியும் கூடிவிட்டன. முழு அளவுக் கோப்பில் கூர்மை ஏற்றி, பிறகு சுருக்கி, சுருக்கியதில் மறுபடி ஏற்றினால் கொட்டாஞ்சேனைக் கோபுரமும் ஒளிவட்டம் பூசிக்கொள்ளும். கூர்மை ஏற்றுவது கடைசி வேலை. முதலில் சுருக்கி, அந்த அளவில் 100 வீதத்தில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

வானத்தில் கறுப்புப் புள்ளிகள், அல்லது படிப்படியான பட்டைகள்

லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11, எஃப் 16இல் எடுத்த கடல் வானத்தில் சென்சர்த் தூசு பொட்டுப் பொட்டாகத் தெரியும். சின்னத் திரையில் தப்பிவிடும், பத்தடித் திரையில் தப்பாது. கொன்ட்ராஸ்டைத் தற்காலிகமாக உச்சத்துக்கு ஏற்றினால் எல்லாம் வெளியே வரும். துடைத்துவிட்டுக் கொன்ட்ராஸ்டைப் பழைய இடத்தில் விடுங்கள்.

பட்டைகள் வேறு கதை. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மாலை வானத்தை அதில் வைத்து இழுத்தால் படிகள் பிரிந்து தெரியும். கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பிலிருந்து 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் வானத்தில் மெல்லிய கிரெய்ன் (செயற்கைப் புள்ளித்துகள்) தூவுங்கள், பட்டை உடையும்.

கறுப்பு வெள்ளைப் படம் சாம்பலாகக் கிடக்கிறது

நிறத்தை உறிஞ்சி எடுத்தால் மட்டும் கறுப்பு வெள்ளை ஆகிவிடாது. சிவப்பு ஓட்டோவும் பச்சை மதிலும் நிறத்தில் எதிரெதிர், சாம்பலில் ஒரே அளவாகிவிடலாம். நிற வாரியான கலவையில் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்குங்கள், இரண்டும் பிரியும். பிறகு படத்தில் உண்மையான கறுப்பு ஓரிடத்திலாவது, உண்மையான வெள்ளை ஓரிடத்திலாவது இருக்கிறதா என்று, வெளிச்ச அளவுகளின் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பாருங்கள். இந்த ஊருக்கு இந்தக் கலை புதிதல்ல. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறக்கும்வரை இருட்டறையில் சோலரைசேஷன் (படத்தின் ஒளி நிழலை ஓரளவு தலைகீழாக்கும் முறை) வரை துணிந்து செய்து பார்த்தவர். கொழும்பு 7இல் அவர் பெயரிலுள்ள கலை நிலையத்தில் கண்காட்சி நடந்தால் போய், பிரிண்ட்டுகளில் கறுப்பு எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் நல்லது, ஆனால் பிரிவிலிருந்து விலக்கப்பட்டது

மொனோகுரோம் பிரிவில் ஓட்டோவின் சிவப்பை மட்டும் விட்டுவைத்தால் அது வர்ணப் படம். முழுப் படத்தையும் செப்பியா போன்ற ஒரே சாயத்தில் தோய்க்கலாம். பாதியைத் தோய்ப்பதோ இரண்டாவது சாயம் சேர்ப்பதோ ஆகாது.

இயற்கைப் பிரிவுதான் அதிகம் பேரை விழுத்துவது. சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரித்தானிய றோயல் புகைப்படச் சங்கம் மூன்றும் ஏற்ற வரையறையையே பல போட்டிகள் பின்பற்றுகின்றன. அதன்படி, வெட்டுவதைத் தவிர வேறு எந்த வழியிலும் படத்தில் எதையும் சேர்க்கவோ, நகர்த்தவோ, அகற்றவோ கூடாது. தலங்கம வாவியில் நாரைக்கு முன்னால் குறுக்கே வந்த ஒரு குச்சியை அழித்தாலும் முடிந்தது. தூசுப் புள்ளியையும் இரைச்சலையும் நீக்கலாம். மனிதக் கைவேலை தெரிந்தால், அது அந்த உயிரினத்தின் கதையில் பிரிக்க முடியாத பங்காக இருக்க வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாயின் கொங்கிறீட் கட்டில் வெயில் காயும் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பை எங்கே அனுப்புவது? நானென்றால் திறந்த பிரிவுக்கு அனுப்புவேன். வாதாடி வெல்லலாம், ஆனால் நடுவர் வாதம் கேட்க மாட்டார், புள்ளி மட்டும் போடுவார்.

கைத்தொலைபேசியிலுள்ள ‘பொருளை அழி’ வசதி, அழித்த இடத்தில் தானாக எதையோ வரைந்து நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவை விலக்கும் போட்டிகளில் இதுவும் மாட்டும். வெற்றி பெற்ற படத்தின் ரோ கோப்பைக் கேட்பவர்கள் உண்டு. முடிவு வரும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

ஒப்படைக்கும் நாளில் பிரிண்ட் சுருண்டு கிடக்கிறது

கொழும்பின் ஈரக்காற்று கடதாசியை விடாது. இங்க்ஜெட் பிரிண்ட்டை வாங்கியவுடன் உறையில் திணிக்காமல் ஒருநாளாவது தட்டையாகக் காய விடுங்கள். பிறகு இடையில் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்குக் கீழே ஓர் இரவு வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டாம். மவுண்ட் அட்டையில் முழுப் பரப்பிலும் பசை தடவினால் காய்கிறபோது அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டித் தொங்க விட்டால் கடதாசி விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். பெயர், தலைப்பு, மேல் பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் அட்டையின் பின்புறத்தில், பென்சிலால். பிரிண்ட்டின் முதுகில் பேனையை அழுத்தி எழுதினால் முன்பக்கத்து வானத்தில் உங்கள் கையெழுத்து தடித்துத் தெரியும்.